வேண்டாமக்காவின் மேசை

விளையாட்டுக் கணினி வாங்க அந்தக் கடைக்குப் போனால் உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒரு "வேண்டாம்" வந்து விழும். இணையத்தில் பத்து நாள் படித்து, ஒரு தாளில் பட்டியல் எழுதி, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி நிற்பவனின் கையிலிருந்து அக்கா அந்தத் தாளை வாங்குவார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படிப்பார். பிறகு பேனாவை எடுத்து, "இந்த கார்டு வேண்டாம். இந்த ரேம் வேண்டாம். இந்த கேபினட் வேண்டவே வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவார். கடைசியில் தாளில் வந்தவனின் பெயர் மட்டும் மிஞ்சும். அப்படித்தான் அவருக்கு வேண்டாமக்கா என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

நானும் அப்படித் திட்டு வாங்கித்தான் என் கணினியை வாங்கினேன். புதிதாகக் குடிவந்த இடத்தில் ஒரு குடை வாங்கினாலும் ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. இனிக்க இனிக்கப் பேசும் கடைகள் நாலு ஏறி இறங்கிவிட்டு, திட்டுகிறவரிடம் நம்பிக்கையோடு வாங்கினேன். அக்காவைப் பற்றி நான் எழுதுவதில் பாதி நானே பார்த்தது, மீதி அவர் திருகாணி முடுக்கிக்கொண்டே சொன்னது.

அவர் மூன்றே கேள்விகள் கேட்பார். என்ன விளையாடுவீங்க, எந்த மானிட்டர்ல விளையாடுவீங்க, எந்த ரூம்ல வைப்பீங்க. மூன்றாவதைக் கேட்டதும் எல்லோரும் விழிப்பார்கள். ஜன்னல் இல்லாத அறையில், மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி வைக்கப் போகிறவனுக்கு வேறு கேபினட், வேறு கூலர். பழைய சின்ன மானிட்டரை வைத்துக்கொண்டு திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் கடையிலேயே பெரியதைக் கேட்பவனை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு அந்த ஆள் கார்டைத் திருடியிருந்தாலும் பரவாயில்லை. சின்ன ப்ராசஸரோடு பெரிய கார்டை மாட்டச் சொன்னவரிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்: "சமைக்கிறது ஒரு ஆள், பரிமாற பத்து ஆள். பத்து பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அதைப் பார்க்கவா காசு குடுக்குறீங்க?"

கடையின் பின்மூலையில் இருந்த நீள மரமேசை அவருடையது. மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு. ஓரத்தில் ஒரு டப்பா நிறைய அட்டைத் துண்டுகள். கடையில் இருக்கும் ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கும் தடிமனுக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்திருப்பார். கார்டின் பெட்டியை உடைப்பதற்கு முன் அட்டையைக் கேபினட்டுக்குள் விட்டுப் பார்ப்பார். அட்டை இடித்தால் கார்டும் இடிக்கும். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையோடு வரும் கேபிள்களை அந்தந்த சப்ளையின் பையிலேயே போட்டு, வாயைக் கட்டி, பெயர் எழுதி வைப்பார். ஒன்றின் கேபிள் இன்னொன்றின் பைக்குள் போகக் கூடாது. அதைத் தொட்டவர்கள் பிழைத்ததில்லை.

இந்த வேலையை அவர் ஒரு சர்வீஸ் சென்டரில் கற்றுக்கொண்டார். திரும்பி வந்த கணினிகளைத் திறந்து பார்த்து, ஏன் செத்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. பதினோரு வருடம் பிணப் பரிசோதனை செய்தேன் என்பார். கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போனது. அவர் விட்டாரா, இவர் விட்டாரா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. தங்கையோடு சேர்ந்து, தங்கை பெயரில் கடையைத் தொடங்கியபோது உள்ளே வந்த முதல் சாமான் அந்த மேசைதான். அதற்குப் பிறகு தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. தங்கை கணவர் கண்ணாடி அலமாரிகளோடு வந்து சேர்ந்தார்.

அக்காவுக்கும் அவருக்கும் முதல் நாளே ஆகவில்லை. அவர் இவரை "அக்கா" என்பார், இவர் அவரைத் "தம்பி" என்பார். வாங்க போங்க என்றுதான் பேச்சு. அந்த மரியாதையைப் பிழிந்தால் ஒரு சொட்டு ஈரம் வராது. வாசலுக்கு வந்த ஆளை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப எதற்குக் கடை, பேசாமல் கோவில் கட்டலாமே என்று அவர் தங்கையிடம் சொல்வார், அக்காவின் காதில் விழும்படி. விளக்குப் போட்ட விசிறியைப் பார்த்து வாங்குகிறவனுக்குக் கணினி எதற்கு, சீரியல் விளக்கு போதுமே என்று அக்காவும் தங்கையிடம்தான் சொல்வார், அவர் காதில் விழும்படி. நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தங்கை இரண்டையும் கேட்காதவர் போல பில் போடுவார்.

தங்கை கணவர் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தார். அந்த ஆளிடம் எல்லாம் பூட்டித் தயாராக, 'செட்' என்று வரும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஆறு வண்ண விசிறிகள், உள்ளே பெரிய கார்டு. பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் போதும். அப்படியானால் பின்மூலையில் அந்த மேசை எதற்கு என்பது அவருடைய கேள்வி. அந்த இடத்தில் இன்னொரு கண்ணாடி அலமாரி வைக்கலாம். அக்கா முன்னால் வந்து மவுஸும் ஹெட்போனும் விற்கலாம். நோகாத வேலை.

அக்கா ஒரு செட்டைத் திறந்து பார்த்தார். கார்டு நல்ல கார்டு. அதற்குச் சோறு போட வேண்டிய பவர் சப்ளையோ எடையே இல்லாத தகரடப்பா, மேலே பெரிய எண் போட்ட ஸ்டிக்கர். ரேம் வேகத்துக்காக இரண்டு துண்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைத் துண்டு. முன்கண்ணாடி காற்றை அடைத்துவிடும், விசிறிகள் உள்ளே இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றிக் கலக்கும். இதையெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதி, தங்கை கணவரின் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். அவர் அந்தத் தாளால் சிந்திய தேநீரைத் துடைத்தார்.

அந்த நேரத்தில்தான் கூடத்துக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி விளையாட்டுக் கூடம் நடத்துகிறவர். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குக் கணினிகளை வாடகைக்கு விடும் இடம். அவருக்குப் பன்னிரண்டு புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. தங்கை கணவர் செட்டைக் காட்டினார். அக்கா பின்னாலிருந்து "வேண்டாம்" என்றார். கூடத்துக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கூடத்தில் வையுங்கள், ஒரு வாரம் ஓடட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

அவர் போனதும் தங்கை கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மேசையின் மீது கை வைத்தார்.

"நல்லா கேட்டுக்குங்க அக்கா. உங்களோடது ஜெயிச்சா இந்த மேசை இருக்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன். என் செட்டு ஜெயிச்சா திங்கக்கிழமை மேசை வெளிய போயிரும்."

"கையை எடுங்க தம்பி. ரப்பர்ல எண்ணெய் படுது."

அக்கா அந்த ஒரு இயந்திரத்துக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கூடத்துக்குப் போய் மானிட்டர்களைப் பார்த்தார், அறையின் சூட்டைப் பார்த்தார். நடுத்தரமான கார்டு, அதற்கு ஏற்ற ப்ராசஸர், இரண்டு துண்டு ரேம், கம்பி வலை முகப்புள்ள அசிங்கமான கேபினட். பின்தட்டுக்கு அடியில் கேபிள்களை ஓடவிட்டு வளைவுக்கு வளைவு கட்டினார். அவ்வளவு ஒழுங்கான கட்டு அவரே இதுவரை கட்டியதில்லையாம். இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தார். குறையில்லை.

கொண்டுபோக வேண்டிய அன்று காலை வண்டி வாசலில் நின்றது. தங்கை கணவர் எட்டிப் பார்த்து, அந்த பவர் சப்ளை அலமாரியில் இரண்டு வருடமாகத் தூசி தின்றது ஆயிற்றே, விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடுகிறீர்களே, இதில் என்னைக் குறை சொல்கிறீர்கள் என்றார். அதில் உண்மை இருந்தது. சப்ளை நல்லதுதான், ஆனால் பழையது. அக்காவுக்குச் சுருக்கென்றது. வேறொரு கம்பெனியின் புத்தம் புதிய சப்ளையை உடைத்து, பழையதைக் கழற்றி, இதைப் பூட்டினார். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் தடித்த கேபிள்களை மாற்றினார். டிஸ்குகளுக்குப் போகும் மெல்லிய கேபிள் பின்தட்டுக்கு அடியில் பதினான்கு கட்டுகளோடு அழகாகப் படுத்திருந்தது. அதன் முனை புதிய சப்ளையின் துளையில் சரியாகப் போய் உட்கார்ந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா மூடியை மாட்டினார்.

கூடத்தில் பதினைந்து பேர் பார்க்க, அக்காவின் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினார்கள். விசிறி சுற்றியது. மூன்று எண்ணுவதற்குள் டப் என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. திரை கறுப்பாகவே நின்றது. பக்கத்தில் தங்கை கணவரின் செட் ஆறு வண்ணத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

தங்கை கணவர் சிரிக்கவில்லை. கடையின் பெயர் போய்விடுமே என்று சட்டென முன்னால் வந்து, "உங்க கரண்ட் சரியில்ல சார். வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். கூடத்துக்காரர் முகம் சிவந்து தன் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். அக்கா இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு கம்பெனியின் கேபிளுக்கும் முனை ஒன்றுதான். உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. குறைந்த மின்சாரம் போக வேண்டிய கம்பியில் அதிகமாகப் போய், இரண்டு டிஸ்குகளையும் எரித்துவிட்டது. இருபது வருடமாக யாரையும் தொடவிடாமல் பை பையாகக் கட்டி வைத்தவர், தன் கட்டின் அழகைக் கலைக்க மனமில்லாமல் செய்த காரியம்.

அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிற்பாடு என்னிடம் இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்ட் என்றே இருந்தால் மேசை பிழைத்துவிடும். தங்கை கணவரின் பொய் முதல்முறையாக இவருக்கும் குடை பிடித்தது. அந்த வாரம் இருவரும் சண்டை போடவில்லை. அதைப் பார்த்துத் தங்கைக்கே பயம் வந்துவிட்டது, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம்.

கூடத்தில் செட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆட்டம் சூடுபிடிக்கும்போது, வெற்றி தோல்வி தீர்மானமாகும் நேரத்தில், பட்டென்று அணைந்துவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை. தோற்கப் போகிறவர்களுக்கு மட்டும் அந்த இயந்திரம் பிடித்திருந்தது. கூடத்துக்காரர் போன் செய்யும்போதெல்லாம் தங்கை கணவர் ஒரே பதிலைச் சொன்னார்: நான்தான் அன்றைக்கே சொன்னேனே சார், கரண்ட்.

நான்காம் நாள் எலக்ட்ரீஷியன் கடைக்கே வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் மனிதர், சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். கூடத்தின் சுவரை மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்தாயிற்று, வயரில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கூடத்துக்காரர் தன்னைத் திருட்டு வயர் போட்டவன் என்கிறார் என்று கத்தினார். தங்கை கணவர் வெளியே போயிருந்தார். அக்காதான் மேசையருகே நின்றார்.

"நீங்க வேலை தெரிஞ்ச ஆளுன்னு சொல்றாங்களேம்மா. சொல்லுங்க. என் வயரிங்ல என்ன குறை?"

"ஓனர் வந்ததும் பேசுங்க" என்று அக்கா சொன்னார். தான் வாழ்நாளில் சொன்னதிலேயே கேவலமான வாக்கியம் அது என்பது அவர் கணக்கு. அவரோடு போட்டி போட்டுத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

ஏழாம் நாள் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். உடைத்த சுவர்கள் பூசாமல் வாய் பிளந்து நின்றன. எலக்ட்ரீஷியன் தன் பையைத் தோளில் மாட்டி, கணக்கை முடித்துக்கொண்டு போகத் தயாராக நின்றார். கூடத்துக்காரர் தன் முடிவைச் சொன்னார். வேறு ஆளை வைத்து வயரிங்கை முழுக்க மாற்றப் போகிறார். அதன் பிறகு ஆறு செட், அக்காவின் கையால் ஆறு. இருவருக்கும் சமம். சண்டை வேண்டாம்.

மேசை பிழைத்தது. தங்கை கணவர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் தனக்கு உறைத்தது என்று அக்கா சொன்னார். இந்த ஆளும் நானும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறோமே.

"கரண்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "என்னோடதை எரிச்சது நான்தான். சப்ளையை மாத்தினேன், கேபிளை மாத்தல. பச்சைக் குழந்தை பண்ற தப்பு. இவரு வயர்ல ஒரு குறையும் இல்ல."

கூடத்துக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார், தங்கை கணவர் பக்கம்.

"அப்ப இது ஏன் அணையுது?"

பதிலை அக்காவே சொன்னார். கார்டு கேட்கும் அளவுக்கு அந்த சப்ளையால் கொடுக்க முடியாது, ஆட்டம் சூடுபிடிக்கும்போதுதான் கார்டு நிறையக் கேட்கும், அப்போது அது கையை விரித்துவிடும். பன்னிரண்டு வாங்கினால் பன்னிரண்டும் இப்படித்தான் அணையும்.

கூடத்துக்காரர் ஒரு இயந்திரமும் வேண்டாம் என்றார். ஒருத்தர் எரிக்கிறீர்கள், ஒருத்தர் அணைக்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து என் சுவரை உடைத்தீர்கள், வாசல் அந்தப் பக்கம் என்றார். எதிர்த்த தெருக் கடைக்கு அங்கிருந்தே போன் போட்டார். எலக்ட்ரீஷியன் நன்றி சொல்லுவார் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "இதைச் சொல்ல ஒரு வாரமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தெருவில் தங்கை கணவர் கூடவே நடந்து வந்தார்.

"முதுகுல குத்திட்டீங்க."

"முன்னாடி நின்னுதானே தம்பி சொன்னேன்."

"பெரிய நேர்மை."

"நேர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மாட்டினாலும் பரவாயில்ல, நீங்க தப்பிச்சிரக் கூடாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

இது எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்ததால், எலக்ட்ரீஷியனுக்காகவும்தானே என்று பிற்பாடு கேட்டேன். அதை நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நல்லாயிருக்கும் என்றார்.

அக்காவினுடையது ஜெயிக்கவில்லை என்பதால், திங்கட்கிழமை காலை தங்கை கணவர் ஏற்பாடு செய்த இரண்டு ஆட்கள் மேசையைத் தூக்க வந்தார்கள். அக்கா தன் திருகாணி முடுக்கிகளையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார், எங்கே போவது என்று தெரியாமல். அதே நேரம் வாசலில் ஒரு லாரி நின்றது. பன்னிரண்டு செட்கள். ஆர்டர் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் தங்கை கணவர் போன வாரமே சொல்லிவைத்திருந்தார். மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார், அதுதான் அவருடைய விதி. கூடத்துக்கு வந்து ஆடியவர்கள் வாய் வழியாகச் செட் அணைகிற கதை ஊரெல்லாம் போய்விட்டது. பன்னிரண்டு கண்ணாடி முகங்கள் கடையை அடைத்துக்கொண்டு நின்றன, உள்ளே நடக்க வழியில்லை.

மேசையைத் தூக்க வந்த ஆட்கள் எங்கே கால் வைப்பது என்று கேட்டார்கள். தங்கை கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பெட்டிகளை எண்ணினார். கணவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை என்றுதான் அக்கா சொல்கிறார்.

"மேசையைக் கீழ வைங்க. அக்கா, இதையெல்லாம் பிரி. எதை எதோட சேர்த்தா ஓடும்னு பாரு. இவரு உனக்குத் தூக்கித் தருவாரு."

"நானா?" என்றார் தங்கை கணவர்.

"வேற யாரு வாங்கினா?"

ஆட்கள் போய்விட்டார்கள். அக்கா பையிலிருந்து திருகாணி முடுக்கியை எடுத்தார். தங்கை கணவர் முதல் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு மேசையில் வைத்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றினார், விசிறிகளைக் கழற்றினார், தகரடப்பா சப்ளையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாகக் கார்டு வெளியே வந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டாவது நல்லாயிருக்கா?" என்று கேட்டார் தங்கை கணவர்.

"அதுல என்ன குறை. சேர்ந்த இடம்தான் சரியில்ல" என்றார் அக்கா. "நிக்காதீங்க, அடுத்ததை எடுங்க."